தொப்பியைக் கழற்றாதவன்

"துரை கன்னத்துல அறை வாங்கறதை மறுக்காவும் பாக்கோணுமுங்க."

ஊட்டி சினிமாக் கொட்டகை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்தான் இப்படிச் சொன்னாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். பக்கத்தில் அவள் புருஷன், வேறொரு குடையில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விடாத தூறல். உள்ளே ஓர் இங்கிலீஷ் கொலைப் படம்.

"மெதுவாப் பேசு புள்ள. போன வாரந்தான பாத்தோம்?"

"பாத்தா என்னங்க? பேச்சு ஒண்ணும் புரியலதான். ஆனா அந்த சி.ஐ.டி.க்காரன் பணக்காரத் துரை ஊட்டுக்குள்ள போயி, சோபாவுல உக்காந்துக்கிட்டே கேள்வி கேக்கறானுங்களே! அப்புறம் உட்டான் பாருங்க ஒரு அறை!"

"அவனும்தான் ஒதை வாங்குனான்."

"வாங்குனான். ரத்தத்தைத் தொடச்சுப்போட்டு மறுபடி அதே ஊட்டுக்குப் போனானுங்களே! நம்ம எஸ்டேட்டு துரை மூஞ்சியை நெனச்சுக்கிட்டேதான் நான் பாத்தேன்."

"உன் வாயால என் வேலை போயிரும்," என்றவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

அப்போது சேற்றில் ஊர்ந்தபடி ஒரு கார் வந்தது. உள்ளே அவர்களுடைய துரை. துரை எதிரே குடை பிடிக்கக் கூடாது என்பது எஸ்டேட் வழக்கம். வரிசையில் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின, என்னுடையதும்தான்.

"குடை, புள்ள, குடை!"

"ஏனுங்க, அந்த சி.ஐ.டி.க்காரன் படம் பூரா ஆருக்காச்சும் தொப்பியைக் கழட்டுனானுங்களா?"

கார் எங்களைத் தாண்டுவதற்குள், மடக்கிய குடையோடு அவன், அவள் மடக்காத குடைக்குள் நுழைந்துகொண்டான்.