கண்ணாடி இல்லாத கேமரா

புதிய கேமரா கைக்கு அடக்கமாக இருக்கிறது ஐயா. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பழையது செங்கல் கனம். உள்ளே ஒரு கண்ணாடி, எதிரே இருப்பதை அப்படியே கண்ணுக்குக் காட்டும். படம் எடுக்கையில் அது எழும்பி விழுகிற சத்தம் அடுத்த அறைக்கும் கேட்கும். புதியதில் கண்ணாடியே கிடையாது. கண் வைக்கும் இடத்தில் ஒரு குட்டித் திரைதான். சத்தமும் இல்லை.

அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், அதை வாங்கி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படம் எடுக்கப் போகுமிடமெல்லாம் அவருக்கு விளக்குப் பிடிப்பது நான்தான். அது எப்போது என் பக்கம் திரும்புகிறது, எப்போது என்னை எடுக்கிறது, எதுவும் தெரியாது. முதுகு கூசும். அக்காவிடம் சொன்னேன்.

"உன் மூஞ்சிய எடுத்து எந்தக் கடையில விக்கப் போறாராம்? போடி, போய்த் துணியக் காயப்போடு" என்று சிரித்தாள்.

பயந்தவர்கள் ஏதாவது செய்வார்கள்தானே. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எடுத்த படம் அந்தக் குட்டித் திரையில் சற்று நேரம் அப்படியே நிற்கும்படி வைக்கலாம். அது நிற்கும்வரை எதிரே இருப்பது திரையில் தெரியாது. அதை நெடுநேரம் நிற்கும்படி மாற்றினேன்.

கட்டி முடியாத அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. அங்கிருந்து தெருவை எடுக்க வேண்டும். அத்தான் கேமராவில் ஒரு கண்ணை வைத்தால் மறு கண்ணை மூடிக்கொள்வார். விளிம்பு நெருங்கினால் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து நிறுத்துவது என் வேலை. ஒரு படம் எடுத்தார்.

"அடியில மாடித் தரையும் சேந்து விழுதே" என்று முன்னால் நடந்தார். "என்னடி இது, அசையவே மாட்டேங்குது? கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."

"புதுசுல்ல அத்தான், மெதுவாத்தான் காட்டும். வாங்க."

"தரை இருக்கா?"

"இருக்கு அத்தான். இன்னும் ரெண்டடி வாங்க."

திரையில் தரை இருந்தது ஐயா. நான் பொய் சொல்லவில்லை. பெல்ட்டைத்தான் பிடிக்கவில்லை. அவர் கீழே விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது.

அந்தக் கேமராவில் என் படம் ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். அழித்திருப்பார்.

அவர் போனதிலிருந்து அக்கா கைப்பேசியில் அவர் படங்களைப் பார்ப்பதாகச் சொல்கிறாள். ஆனால் அதை என் பக்கமாகவே பிடித்திருக்கிறாள். நான் கவனித்துவிட்டேன். எல்லாம்தான் சொல்லிவிட்டேனே ஐயா, என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அக்கா தனியாக இருக்கிறாள்.