ஆவடை வேலி

ரொம்பக் காலத்துக்கு முன்னால, இந்தப் பெரிய வாய்க்காலுக்கு மதகு கட்டாத காலத்துல, நம்ம ஈச்சந்திட்டை இருபது வீடாத்தான் இருந்துச்சாம். அந்த இருபதுல கெழக்கோரத்துல ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஆவடைன்னு ஒருத்தி வாழ வந்தாளாம். நல்லவளான்னு கேக்காதீக. கெட்டவளான்னும் கேக்காதீக. கதையக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அவ புருசன் பேரு கொம்பையா. நல்ல ஒசரம், நல்ல நெறம், நாக்கு மட்டும் வெசம். சோறு ஆறிப்போனா அடி, சுட்டா அதுக்கும் அடி. வீட்டுக்குள்ள அவளுக்குன்னு ஒரு மூலை கெடயாது. வீட்டுக்குப் பின்னால, பொறவாசல்ல, கெணத்த ஒட்டி ஒரு துண்டு நெலம் கல்லும் முள்ளுமாச் சும்மா கெடந்துச்சாம். அதக் கொத்துனா. கை காப்புக் காய்க்கக் கொத்துனா. கத்தரி வச்சா, அவரை ஏத்துனா, பீர்க்குக்குப் பந்தல் போட்டா, கெணத்தோரம் நாலு வாழை நட்டா. காலம்பற தண்ணி எறைச்சு ஊத்தயில மண்ணுலருந்து ஒரு வாசன வரும் பாருங்க, அந்த வாசனைக்காகவே அவ விடியுறதுக்குக் காத்துக் கெடப்பாளாம். முத கத்தரிப் பூ பூத்த அன்னைக்கு வேலிப் பக்கம் ஓடி வந்து, அடுத்த வீட்டுச் சீனியம்மாளக் கூப்புட்டு, "ஏ மதினி, இங்க வந்து பாரு, பூத்துருச்சு"ன்னு கத்துனாளாம்.

சீனியம்மா யாருன்னு கேக்கீகளா? எங்க தாத்தாவப் பெத்தவ. அதான் இந்தக் கத எங்க வீட்டுல இருக்கு.

தோட்டம் வந்தா குருவி வரும்லா? வந்துச்சு. வாழைப் பூவுல தேன்சிட்டு தலகீழாத் தொங்கும். கத்தரி எலையில ரெண்ட நாரு கோத்துத் தச்சு, தையல்சிட்டு கூடு கட்டும். அந்தச் செடியில மட்டும் ஆவடை காய் பறிக்கமாட்டா, முத்திப்போயி வெதையானாலும் சரி. கொண்டலாத்தி வந்து கொண்டைய விரிச்சுக்கிட்டு ஈர மண்ணக் கொத்தும். இவ அம்மிகிட்ட ஒக்காந்து மொளகா அரைச்சுக்கிட்டே எல்லாத்தையும் பாப்பா. அந்த நேரம் அவ மொகத்தப் பாத்தா, அடி வாங்குற பொம்பளன்னு யாரும் சொல்லமாட்டாகளாம்.

எல்லாத்துலயும் அவளுக்கு உசுரு தவிட்டுக்குருவிதான். ஏழு குருவி. சந்தைக்குப் போற பொம்பளைக மாதிரி ஏழும் ஒண்ணாத்தான் வரும், ஒண்ணாத்தான் போவும், சண்டையும் ஒண்ணாத்தான் போடும். அதுல ஒண்ணு நொண்டி. ஒரு சட்டிச் சில்லுல தண்ணி வச்சு, நாலு நொய்யத் தூவி, "வாங்கத்தா, வாங்க வாங்க"ன்னு ஆவடை கூப்புட்டா, ஏழும் அவ காலச் சுத்தி வந்து நிக்குமாம். வேற யாரு கூப்புட்டாலும் வராது.

பாத்துப் பாத்து அதுக பேச்சு அவளுக்குப் படிஞ்சுபோச்சு. பருந்து வந்தா ஒரு கீச்சு, பெறகு கம்முன்னு ஆயிரும். பூனை வந்தா திட்டிக்கிட்டே பூனை பின்னால போவும். பாம்பு வந்தாத்தான் வேற மாதிரி. ஏழும் கூடி, கெளைக்குக் கெளை எறங்கி, கெளகெளகெளன்னு கத்தும். அந்த எடத்த விட்டு நகராது. எங்கன கத்துதோ அங்கன பாம்பு.

"குருவி சொல்லுது, அந்தப் பக்கம் போகாதீக"ன்னு ஒருக்கா புருசங்கிட்டச் சொன்னாளாம். அவன் சிரிச்சான். "குருவிகூடப் பேசுத, எனக்கு ஒரு பிள்ளையப் பெத்துத் தர வக்கில்ல"ன்னு சொல்லிச் செவுட்டுல ஒண்ணு விட்டானாம்.

பிள்ளை இல்லாததுதான் அவனுக்குச் சாக்கு. ஆறு வருசம் ஆயிப்போச்சு. எவனோ ஒரு நாட்டு வைத்தியன் சொன்னானாம், தவிட்டுக்குருவிக் கறி தின்னா கரு தங்கும்னு. கொம்பையா கண்ணி செஞ்சான், தோட்டத்துல வச்சான். ஒண்ணும் சிக்கல. ரெண்டு நாள் பாத்தான், மூணு நாள் பாத்தான். பெறகுதான் அவனுக்கு அந்தப் புத்தி வந்துச்சு.

"ஏட்டி, நீ கூப்புட்டாத்தான வரும். கூப்புடு."

"மாட்டேன்."

அவ தலமயிரக் கையில சுத்திப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணிக்குப் பக்கத்துல ஒக்கார வச்சானாம். "கூப்புடுதியா, இல்ல இந்தத் தோட்டத்த இன்னைக்கே வேரோட வெட்டிப் போடவா?"

ஆவடை தோட்டத்தப் பாத்தா. குருவியப் பாத்தா. என்ன செய்வா? "வாங்கத்தா, வாங்க வாங்க"ன்னு கூப்புட்டா. கொரல் நடுங்குச்சாம். நடுங்குன கொரலுக்கும் அதுக வந்துச்சு. ஏழும் வந்துச்சு. ஆறு சிக்கிருச்சு. நொண்டி ஒண்ணு மட்டும் பின்னால வந்ததால தப்பிச்சுப் பறந்துருச்சு.

அதோட விட்டானா? அவளையே எறகு பறிக்க வச்சான், அவளையே கொழம்பு வைக்க வச்சான். அவ முன்னால சம்மணம் போட்டு ஒக்காந்து, "தின்னு"ன்னான். எலும்பக் கூட மிச்சம் வைக்க விடலியாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு எங்க சீனியம்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. புருசன் பொஞ்சாதி விசயம், நமக்கென்னன்னு உள்ள போயிட்டா.

பிள்ளை தங்கல. அதுக்கும் அடிதான்.

ஒரு வருசம் போச்சு. அந்த நொண்டிக் குருவி எங்கெங்கயோ சுத்தி, வேற ஒரு கூட்டத்தக் கூட்டிக்கிட்டுத் திரும்ப வந்துச்சாம். ஆவடை அதப் பாத்து அழுதா. ஆனா கூப்புடல. அந்தக் கொரல அவ பெறகு எடுக்கவே இல்ல.

அறுப்பு முடிஞ்ச மாசம், ஒரு காலம்பற. ஆவடை அம்மியில மொளகா அரைக்கா. கொம்பையா பல்லு விளக்கிக்கிட்டுப் பொறவாசலுக்கு வாரான். பீர்க்கம் பந்தலுக்குள்ள குருவிக் கூட்டம் எறங்கிருச்சு. கெளகெளகெளன்னு கத்துது. நகரல.

"என்னட்டி இந்த எழவு இந்தக் கத்துக் கத்துது?"

ஆவடை வாயத் தொறக்கல. மொளகா அரைச்சா.

"ஒன்னத்தான் கேக்கேன். காது அவிஞ்சா போச்சு?"

ஆவடை வாயத் தொறக்கல. தண்ணி தொட்டு, வழிச்சு, அரைச்சா.

"இரு, ஒன் சொந்தக்காரிகள வெரட்டிட்டு வாரேன்"னு குனிஞ்சு பந்தலுக்குள்ள போனான். வாயத் தொறந்தா ஒரு சொல்லு. போகாதீகன்னு ஒரே சொல்லு. அது தொண்டை வரைக்கும் வந்துச்சுன்னு அவளே பின்னால சொன்னா. ஆனா தொறக்கல.

கண்ணாடி விரியன். கெண்டக்கால்ல போட்டுருச்சு. மத்தியானத்துக்குள்ள ஈறுல ரத்தம் கசிஞ்சு, மூக்குல ரத்தம் வந்து, கொம்பையா முடிஞ்சான்.

ஊரு கூடிருச்சு. பொம்பளைக கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்காக. ஆவடை அழல. பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கறாப்புல சொன்னாளாம். "குருவி சொல்லுச்சு. எனக்குத் தெரியும். நான் சொல்லல." சொன்னதோட விடாம, பருந்துக்கு எப்பிடிக் கத்தும், பூனைக்கு எப்பிடி, பாம்புக்கு எப்பிடின்னு ஒண்ணொண்ணா வெளக்கிச் சொன்னா. ஏன் சொன்னா? ஒளிக்கத் தெரியாத பொம்பள. ஒளிச்சிருந்தா இந்தக் கதையே இல்ல.

ஊருல சில பேரு, அடிச்சு வெரட்டுங்கன்னாக. அப்ப ஊருப் பெரியவரு சொன்னாராம், "வெரட்டுனா வேற ஊருல போயி நல்லாப் பொழச்சுக்கிடுவா. இங்கனயே கெடக்கட்டும். வாய மூடிப் புருசனக் கொன்னாள்லா? இனி சாகுற மட்டும் அவகிட்ட ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது." கோயில் வாசல்ல வீட்டுக்கு ஒருத்தரா வேப்பங்கொழுந்தக் கிள்ளிப் போட்டுச் சத்தியம் செஞ்சாக. எங்க வீட்டுக்குக் கிள்ளிப் போட்டது சீனியம்மா.

பத்தொம்பது வருசம்! பத்தொம்பது வருசம் ஒரு மனுசிகிட்ட யாரும் பேசல. நெனச்சுப் பாருங்க. காச்சலாக் கெடந்தாலும் என்னன்னு கேக்க ஆளு இல்ல.

ஆனா அவ தோட்டம் இருக்கே, அது அப்பத்தான் தோட்டமாச்சு. அடிக்க ஆளு இல்ல, வெட்ட ஆளு இல்ல. மாதுளை வச்சா, முருங்கை வச்சா, பொடலை பாம்பு கணக்காத் தொங்குச்சு. குருவி எண்ணிக்கையே சொல்ல முடியாதாம். பச்சக்கிளி, மாங்குயில், செம்போத்து, மீன்கொத்தி கூட கெணத்துக்கு வந்துச்சாம். காலையில கஞ்சியக் குடிச்சுட்டு வாழை நெழல்ல ஒக்காந்தான்னா, அவ பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருப்பா. சந்தோசமா இருந்தாளான்னா, இருந்தா. அதுதான் ஊருக்குப் பொறுக்கல.

வெளஞ்ச காயப் பறிச்சு வேலி மேல வச்சிருவா. பொம்பளைக வந்து எடுத்துக்கிட்டுப் போவாக. கத்தரிக்காய எடுக்கக் கை நீளும், ஒரு சொல்லுக்கு வாய் நீளாது. வெக்கமில்லாத சனம், எங்க சனம்தான். இன்னொண்ணும் செய்வா. யாரு வீட்டுப் பொறவாசல்ல அந்தக் கெளகெள சத்தம் கேட்டாலும் வேலிகிட்ட வந்து, "பாம்பு! ஏ, பாம்பு! காலப் பாத்து வைங்க!"ன்னு கத்துவா. ஒரு தடவ சொல்லாதவ, நூறு தடவ சொன்னா. அதுல எத்தன உசுரு தப்பிச்சுச்சோ. ஒருத்தரு, "சரித்தா"ன்னு ஒரு சொல்லு சொன்னாகளா? இல்ல.

கடைசி ரெண்டு வருசம் அவ கத்துறத நிப்பாட்டிட்டா. குருவி கத்தும், இவ பாட்டுக்குச் செடிக்குத் தண்ணி ஊத்துவா. "பாத்தீகளா, பழைய புத்தி திரும்பிருச்சு, கெழவிக்குத் திமிரு"ன்னு பேசிக்கிட்டாக. எங்க சீனியம்மாளும் பேசுனா.

அப்பிடி ஒரு நாளு வந்துச்சு. வெயில் ஏறுற நேரம். சீனியம்மா வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடுதா. ஆவடை தோட்டத்துல அவரைப் பந்தலுக்குள்ள, எலை மறைவுல குருவிக் கூட்டம் எறங்குது. கெளகெளகெள. நகரல. ஆவடை கூடைய எடுத்துக்கிட்டு நேரா அந்தப் பந்தலப் பாத்து நடக்கா.

சீனியம்மா பாக்கா. வாய் பாதி தொறந்துருச்சு. அப்ப வேப்பங்கொழுந்து ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல ஒரு நெனப்பு வந்துச்சு, அதுதான் பாவி நெனப்பு. இவளுக்குத் தெரியாத குருவிச் சத்தமா? ஊருக்கே சொல்லிக் கொடுத்தவ, இவளுக்கு நான் என்ன சொல்ல? தொறந்த வாய மூடிக்கிட்டா.

ஆவடை குனிஞ்சா. அவரைக்காய்க்குக் கைய நீட்டுனா. "ஆத்தே"ன்னு ஒரு சத்தம். கூடை உருண்டுருச்சு.

பெறகுதான் சீனியம்மாளுக்குச் சத்தியமாவது ஒண்ணாவதுன்னு ஆயிப்போச்சு. முள்வேலியப் பிச்சுக்கிட்டு, கையெல்லாம் ரத்தமா உள்ள ஓடுனா. ஆவடையத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு, "ஏ மதினி, அந்தக் கத்துக் கத்துச்சே, ஏன் போன? ஏன் போன?"ன்னு அலறுனாளாம்.

ஆவடை அவ ஒதட்டையே பாத்தாளாம். பாத்துட்டுச் சொன்னா, "சத்தமாச் சொல்லு மதினி. எனக்குக் காது போயி ரெண்டு வருசமாச்சு."

பேச ஆளு இருந்தால்லா தெரியும்? எவளாவது ஒரு நாளு, ஏத்தா சாப்பிட்டியான்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஊரு பூராவும் வாய மூடுனதுல, அவ காது மூடுனது ஒருத்தருக்கும் தெரியல.

சீனியம்மா அவ காதுகிட்ட வாய வச்சுக் கத்துனா, "குருவி கத்துச்சு மதினி!"

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

ஆவடை அவளக் கொஞ்ச நேரம் பாத்தாளாம். திட்டல. மன்னிச்சேன்னும் சொல்லல. மூஞ்சியத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. பொழுது சாயுறதுக்குள்ள உசுரு போச்சு. அதுக்குப் பெறகு அவ பேசல, சீனியம்மா தான் பேசிக்கிட்டே இருந்தாளாம், காதுகிட்ட, பத்தொம்பது வருசத்துப் பேச்ச.

அதுலருந்து நம்ம ஊருல ஒரு வழக்கம் உண்டு. வெளியூருக்காரன் பாத்தா சிரிப்பான். தவிட்டுக்குருவி கூடிக் கத்துச்சுன்னா, கேட்டவுக அந்த வீட்டப் பாத்து, "ஏ, காலப் பாத்து!"ன்னு கத்தணும். சண்டக்காரியா இருந்தாலும் கத்தணும். அந்த வீட்டுலருந்து, "கேட்டுச்சு"ன்னு பதில் வரணும். வரலன்னா நின்னு யோசிக்கப்படாது. வேலியப் பிச்சுக்கிட்டு உள்ள போவணும். நம்ம ஊருல மதில் கட்டாம, கையால பிரிக்கறாப்புல வேலி மட்டும் கட்டுறது அதுக்குத்தான்.

கெழக்கோரத்துல பாழடஞ்சு கெடக்கே, முள்ளு மண்டி, அதுதான் ஆவடை தோட்டம். எங்க வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கறதுதான் ஆவடை வேலி. அதுல ஒரு ஆளு நுழையற அளவுக்கு எப்பவும் ஒரு பொத்தல் இருக்கும். அத அடைக்க மாட்டோம். இன்னைக்கும் அந்தப் பாழுக்குள்ள குருவி கத்தும். நாங்க கத்துவோம். பதில் வராது. பதில் வரலன்னா போவணும்லா? எங்க வீட்டுலருந்து ஒருத்தரு போயி, உள்ள யாரும் விழுந்து கெடக்காகளான்னு பாத்துட்டுத்தான் வரணும். என் ஆத்தா போனா. நான் போறேன். எனக்குப் பெறகு என் மக போவா.

கத அம்புட்டுதான். கேட்டுச்சா? தலைய ஆட்டாதீக. வாயத் தொறந்து சொல்லுங்க.