எட்டுக் கிலோ விரால்

குளிர்காலத்தில் மீன் பசிக்காகக் கடிப்பதில்லை, சார். தூண்டில் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மார்கழி பிறந்துவிட்டால் அணைத் தண்ணீர் குளிர்ந்துபோகும். விரால் கரையோரக் கல்லுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மண்புழுவை அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அதைக் கடிக்க வைக்க ஒரே வழிதான் உண்டு. அது இருக்கிற இடத்துக்குள் இன்னொருவன் மினுக்கிக்கொண்டு வர வேண்டும், இது என்னுடைய வீடுதான் என்பதுபோல. அப்போது எழுந்து வந்து கடிக்கும். தின்பதற்காக அல்ல. அவன் அங்கே இருக்கக் கூடாது என்பதற்காக.

ஏட்டையா நிதானமாக எழுதட்டும், அவசரமில்லை. டீ நன்றாக இருக்கிறது.

என் பெயர் ராக்கப்பன், வயது எழுபத்தொன்று. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினாறு வருடம் மருந்து கலக்கும் அறையில் போர்மேன். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன, எண்ணிக்கொள்ளலாம். இரண்டாயிரத்து ஒன்றில் வேலையை விட்டேன். அன்றிலிருந்து வெம்பக்கோட்டை அணைக்கரைதான்.

பொய்மீன்களை நானே செய்வேன். எவர்சில்வர் ஸ்பூனின் காம்பை அறுத்துவிட்டு முள் கோப்பேன். சிவகாசி அச்சாபீஸில் காலண்டருக்கு ஒட்டியதுபோக மிஞ்சும் ஜிகினாத் தாளை வாங்கிவந்து செதில் மாதிரி ஒட்டுவேன். தண்ணீர் கலங்கலாக இருந்தால் செம்பு நிறம் போட வேண்டும், தெளிந்திருந்தால் வெள்ளி. குளிரில் வேகமாக இழுத்தால் ஒன்றும் நடக்காது. மெதுவாக இழுத்து, நிறுத்தி, ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் சும்மா விட வேண்டும். அந்தச் சும்மா விடுகிற நேரத்தில்தான் அடிக்கும். பொறுமை இல்லாதவன் மீன் பிடிக்கக் கூடாது.

மீன் பிடிப்பதைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. கரைக்கு மேலே சோலைச்சாமியின் டீக்கடை. காலை எட்டு மணிக்கு நான் பெஞ்சில் உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிடுவார்கள். நான் ஒரு விராலைத் தூக்கியபோது அணையின் நீர்மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியதையும், அளவுகல் பார்க்கிறவர் மதகு உடைந்துவிட்டதென்று சைக்கிளில் ஓடியதையும் சொல்வேன். இன்னொரு விரால் என் பொய்மீன்மேல் ஆசைப்பட்டு, அதை நான் பெட்டிக்குள் வைத்துவிட்ட துக்கத்தில் மூன்று நாள் கரையோரமாகவே கிடந்ததையும் சொல்வேன். யாரும் நம்ப மாட்டார்கள். யாரும் எழுந்து போகவும் மாட்டார்கள். பட்டாசுக் கம்பெனி வேன்காரன்கூட இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவான். ஐந்து வருடம் அப்படி இருந்தேன்.

பிறகு யூசுப் பாய் வந்தார்.

முகம்மது யூசுப். விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவர். வியாபாரத்தை மகன் முஹ்சினிடம் கொடுத்துவிட்டு, புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் அணைக்கு வர ஆரம்பித்தார். சிங்கப்பூரில் இருக்கிற மருமகன் வாங்கி அனுப்பிய பொய்மீன்கள், கண்ணாடி மாதிரிப் பெட்டியில், அறை அறையாக. ஒன்று தவளை மாதிரி கால் உதைக்கும். ஒன்று தண்ணீருக்குள் கிலுகிலுவென்று சத்தம் போடும். முதல் நாளே என்னிடம் வந்து, "அண்ணே, இங்கன உங்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படின்னு சொன்னாக. இதுல எதப் போடட்டும்?" என்று பெட்டியைத் திறந்து காட்டினார்.

நான் இருப்பதிலேயே உதவாததைக் காட்டினேன். அதில் மூன்று கிலோ நானூறு கிராம் பிடித்தார்.

நானூறு கிராம் என்று எப்படித் தெரியும் என்றால், அவர் பையில் ஒரு ஸ்பிரிங் தராசு வைத்திருந்தார். பிடித்ததும் தொங்கவிட்டுப் பார்ப்பார். டீக்கடைக்கு வந்து, "மூணு நானூறு" என்பார். அவ்வளவுதான் அவருடைய கதை. சுவாரசியம் என்று எதுவும் கிடையாது. ஆனால் மீன் கையில் இருக்கும்.

ஒரு மாதத்தில் பெஞ்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சோலைச்சாமி வெயிலுக்காக மாற்றிப் போட்டேன் என்றான். இருக்கலாம். நான் கதை சொல்லும்போது சின்னப் பயல்கள், "ஏலே, பாய்கிட்ட தராசு வாங்கிட்டு வாங்கலே, அண்ணன் சொன்னத நிறுத்துப் பாப்பம்" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் யூசுப் பாய்தான் அவர்களை அதட்டுவார். "பெரியவுகள அப்படிப் பேசாதீக. அண்ணன் சொன்னா இருக்கும்." சொல்லிவிட்டு என் டீக்கும் சேர்த்துச் சொல்வார்.

நீங்கள் கேட்டீர்கள், பொறாமையா என்று. இல்லை சார். எனக்கு அவர்மேல் மரியாதைதான் இருந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கார்த்திகைக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கரையில் யாரும் இல்லை. என் ஸ்பூனை ஒரு விரால் அடித்தது. சார், நான் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். இது பொய் இல்லை. கம்பு வில்லாக வளைந்தது. அரை மணி நேரம் இழுத்தேன். கரைக்குக் கொண்டுவந்து, அதன் தலையை என் கண்ணால் பார்த்தேன். இந்த மேசையில் பாதி. அப்போது தங்கூஸ் நரம்பு அறுந்தது. ஸ்பூனோடு போய்விட்டது. எட்டுக் கிலோ இருக்கும்.

டீக்கடையில் சொன்னேன். முதல் தடவையாக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சோலைச்சாமி, "இந்தத் தடவ நீர்மட்டம் எம்புட்டு எறங்குச்சுண்ணே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் புதன்கிழமை யூசுப் பாய் வந்து கேட்டுவிட்டு, "நா நம்புறேண்ணே" என்றார். பிள்ளைக்குக் கசாயம் கொடுக்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் முகம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மீனை அவர் பிடித்தார்.

அதே மீன் என்று எப்படித் தெரியும் என்றால், உதட்டில் என் ஸ்பூன் தொங்கியது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஏறி வந்தார். மூச்சிரைக்க, ரொம்ப சந்தோஷமாக. "அண்ணன் சொன்னது நெசம்தான். பாத்தீகளா, அவுக ஸ்பூனு. எல்லாரும் சிரிச்சீகள்ல, இப்பப் பேசுங்க." எனக்காகத்தான் சொன்னார். என் கையைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் அந்த ஸ்பூனை உள்ளங்கையில் வைத்தார். பிறகு தராசில் தொங்கவிட்டார்.

ஆறு கிலோ இருநூறு.

"எட்டுன்னாரேப்பா" என்றான் ஒருவன். "தண்ணிக்குள்ள கெடந்தா கொஞ்சம் கூடத்தான் தெரியும்" என்றார் யூசுப் பாய், என்னைக் காப்பாற்றுவதற்காக.

என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உண்மை, சார். அதையும் அவர்தான் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலும் ஒரு கிலோ எண்ணூறு குறைத்துவிட்டார்.

அன்றைக்குப் பிறகு நான் மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். மண்டியில் மூட்டைக் கொக்கி குத்தியதில் அவருக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அதனால் பொய்மீனைக் கட்டும்போது அதன் உடம்பைக் கடைவாயில் வைத்து அழுத்திக் கடித்துக்கொள்வார். பிறகு வலது கையால் நரம்பை இழுத்து முடிச்சை இறுக்குவார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கரையில் எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் அதைக் கவனித்தேன்.

இனி, எந்தப் பொய்மீன் என்பது. இதில்தான் அனுபவம் வேண்டும். அவரிடம் பெட்டி நிறையப் பளபளப்பு இருந்தது. இன்னொரு பளபளப்பைக் காட்டினால் கடிக்க மாட்டார். வசதியான மனிதர்கள் அழகுக்கு வருவதில்லை. மரியாதைக்கு வருவார்கள். எனவே கல்யாண முருங்கைக் கட்டையில், கொஞ்சம் கோணலாக, வயசாளி கைவேலை என்று தெரிகிற மாதிரி ஒரு மீன் செதுக்கினேன். ஒவ்வொரு செதிலும் கையால் கீறியது. ஒரு பக்கத்துக்கு நாற்பத்தொன்று. கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. வயிற்றைக் குடைந்து கூடாக்கினேன்.

கூட்டுக்குள் வைத்ததை விவரமாக எழுத வேண்டாம், படிக்கிறவர்கள் கெட்டுப்போவார்கள். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி கடித்தால் வெடிக்கட்டும் என்று வைக்கிறார்களே அவுட்டுக்காய், அந்தச் சாதிதான். முப்பத்தெட்டு வருடம் வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்க வைப்பது அதைவிடச் சுலபம். கூட்டுக்குள் ஒன்றும் வைக்காமல் முதலில் ஒன்று செய்து தண்ணீரில் இழுத்துப் பார்த்தேன். அருமையாக நீந்தியது.

மார்கழி இருபத்தாறு, புதன்கிழமை. காலையில் பனி இருந்தது. அவருக்கு அதைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்காகவாண்ணே செஞ்சீக?"

"ஒங்களுக்காகத்தான் பாய்."

"இதத் தண்ணியில போட மனசு வருமா? வீட்டுல கண்ணாடி அலமாரியில வச்சிருவேன்" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அவசரப்படவில்லை. சொன்னேன் அல்லவா, இழுத்து நிறுத்த வேண்டும். "சரி பாய், அலமாரியிலயே வைங்க. கெழவன் செஞ்சது மீனுக்கு ஆகாதுன்னு ஒங்களுக்கே தெரிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தேன்.

பீடி பாதி போவதற்குள் கையைப் பைக்குள் விட்டார். "அப்படிச் சொல்லாதீகண்ணே. இன்னைக்கு மொத வீச்சே இதுதான்."

"அப்பக் கட்டுங்க. நா போயி டீ சொல்றேன்" என்று மேலே ஏறினேன். அவருக்கும் சேர்த்து இரண்டு டீ சொன்னேன். அவருக்குச் சர்க்கரை இல்லாமல்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒற்றை வெடி. உங்களுக்கும் தெரியும், நம் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். எந்தக் கம்பெனி என்று வானத்தில் புகையைத் தேடுவார்கள். சோலைச்சாமி கரண்டியோடு வெளியே வந்து வடக்கே பார்த்தான். எல்லோரும் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவனுடைய அக்கா கம்பெனி வேலைக்குப் போயிருந்தாள், அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் மட்டும் கீழே, தண்ணீர்ப் பக்கம் பார்த்தேன். ஒரு தப்பு என்றால் அது ஒன்றுதான். யாரும் கவனிக்கவில்லை.

இறங்கிப் போனபோது அவருடைய தொப்பி மட்டும் அழுக்குப் படாமல் கல்மேல் இருந்தது. மேலே அவர் டீ ஆறிக்கொண்டிருந்தது. அதையும் நான்தான் பிறகு குடித்தேன். சர்க்கரை இல்லாமல் நன்றாக இல்லை.

நீங்கள் வந்து பார்த்துவிட்டு, பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் கரையில் கிடந்திருக்கிறது, தூண்டில் தக்கை என்று எடுத்து வாயில் வைத்துவிட்டார் என்று எழுதினீர்கள். போன வருடம் பன்றிக் கேஸில் மாட்டிய சங்கிலிமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் பேசாமல் இருந்தேன்.

பத்து நாள் கழித்து அவருடைய வீட்டுக்காரம்மா பீவி ஜான் சொல்லியனுப்பினார். போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இது அவுக பெட்டி. இதோட அரும தெரிஞ்சவுக நீங்கதான். அவுக ஒங்களப் பத்தித்தான் எந்நேரமும் பேசுவாக" என்று பேத்தியிடம் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன். மறுநாளே அந்தத் தவளையைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் உதைக்கிறது. ஒரு மீனும் கடிக்கவில்லை.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். சங்கிலிமுத்துவுக்காகத்தான். அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது. அதுவும் தவிர, தினமும் டீக்கடையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. பெஞ்சு இன்னும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் கிடக்கிறது. இப்போது ஆளே இல்லை, ஆனாலும் பேச்சு முழுக்க யூசுப் பாய்தான். மூன்று நானூறு, ஆறு இருநூறு. வெடியைப் பற்றிப் பேசினால் சங்கிலிமுத்து. அவனுடைய அவுட்டுக்காயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சணலைச் சுற்றிய ஒரு உருண்டை. செதில் உண்டா? கண் உண்டா? தண்ணீரில் நீந்துமா?

சிரிக்கிறீர்கள். சோலைச்சாமி சொல்லியிருப்பான், அந்தக் கிழவன் சொல்வதை நம்பாதீர்கள் என்று. வீட்டில் ஆளனுப்பிப் பாருங்கள். அரிசிப் பானைக்குள் அந்த முதல் மீன் இருக்கிறது, கூட்டுக்குள் ஒன்றும் வைக்காதது. செதிலை எண்ணிப் பாருங்கள், இந்தப் பக்கம் நாற்பத்தொன்று, அந்தப் பக்கம் நாற்பத்தொன்று. வெடித்ததில் மிஞ்சிய சிம்பு உங்களிடம் இருக்கும், இதோடு வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஜிகினாத் தாளும் உளியும் இருக்கும்.

எங்கே, கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாசித்துவிடுகிறேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது. ராக்கப்பன் செய்தான், தெரிந்தே செய்தான், வேறு யாருக்கும் பங்கு இல்லை. நன்றாக எழுதியிருக்கிறார் ஏட்டையா. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம். அந்த விராலை ஆறு கிலோ இருநூறு என்று போட்டிருக்கிறார். அது யூசுப் பாயின் தராசு சொன்னது. அடித்துவிட்டு எட்டு என்று எழுதச் சொல்லுங்கள் சார், போட்டுவிடுகிறேன்.