முக்கு வெட்டுன வீடு

அது பாய் விரிச்சுத்தான் கடல்ல போகணும்ங்கிற காலம், வே. நம்ம சிப்பித்துறையில மொதேஸ்தம்மான்னு ஒருத்தவுக இருந்தாகளாம். கருவாடு வித்தே மாடி வீடு கட்டுனாக. எங்க? இந்தா, உம்ம வீட்டுக்கு நூல் பிடிக்கச் சொல்லுதீரே, அதுக்கு எதுத்த முக்குல.

"நீ மாடி கட்டிட்டா நான் மீசைய எடுத்துருதேன்"னு கஸ்பார்ங்கிற தோணிக்காரன் ஊர் கேக்கச் சொன்னானாம். வாய்க்கொழுப்பு! அம்மா பன்னெண்டு வருசம் கல்லு கல்லாச் சேத்து, நாலே மாசத்துல எழுப்பிட்டாக.

சுண்ணாம்பு பூசி முடிச்ச அன்னைக்கு ஒரு கப்பல்காரன் சேதி கொண்டாந்தானாம். கஸ்பாரும் பத்துப் பேரும் போன தோணி உடைஞ்சு, தீவுல ஒதுங்கிக் கிடக்காங்க. அங்க குடிக்கச் சொட்டுத் தண்ணி கிடையாது. கரையில இருந்தது ஒரே தோணி. அதுலயும் பாய்மரம் இல்ல, புதுசு ஆசாரி பட்டறையில கிடக்கு.

நாப்பது முழ மரம். இருபது பேரு தோள்ல தூக்கிட்டு ஓடி வாராங்க. இந்த முக்குல திரும்புனா... திரும்பல! முன்னால இழுத்தா பின்னால இடிக்கி, பின்னால தள்ளுனா முன்னால இடிக்கி. மரம் செதுக்கத் தொடங்குனப்ப இங்க காலி மனை. முடிக்கதுக்குள்ள வீடு வந்துட்டு. மரத்த அளந்தானுவ, பாய அளந்தானுவ, தெருவ அளக்க ஒருத்தனுக்கும் தோணல!

"நிமித்தித் தூக்குவமா?"

"நம்ம தலையிலதான் விழும்."

"சுத்திப் போவமா?"

"அங்கிட்டு இடுப்பளவு சேறு."

வீட்ட இடின்னு கேக்க யாருக்கும் வாய் வரல. கஸ்பார் பொஞ்சாதி மட்டும் அந்த ஈரச் சுவரப் பிடிச்சுக்கிட்டு அழுதாளாம்.

அம்மா வெளிய வந்தாக. மரத்தப் பாத்தாக, சுவரப் பாத்தாக, அந்தப் புள்ள மொகத்தப் பாத்தாக. கடப்பாறைய அவுகளே எடுத்தாக. "என்னல முழிக்கிய? மரத்துக்கு எம்புட்டு எடம் வேணும், சொல்லுங்கல!"ன்னு முதக் குத்து குத்துனாகளாம். பன்னெண்டு வருசப் பாடுல்லா! முக்கு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. மரம் திரும்பிட்டு.

மறுநா மத்தியானம் பதினோரு பேரும் உசுரோட கரையேறுனாங்க. கஸ்பார் நேரா இங்க வந்து, உதிர்ந்த கல்லு மேல உக்காந்து மீசைய எடுத்தானாம். "சுவர நானே கட்டித் தாரேன் அக்கா"ன்னான்.

"ஒண்ணும் வேண்டாம். அடுத்த மரமும் இப்படித்தான வரணும்"ன்னுட்டாக அம்மா.

அன்னையிலருந்து சிப்பித்துறையில எந்த முக்கு வீட்டுக்கும் கூர் மூலை கிடையாது. ஒண்ணரை ஆள் உசரத்துக்கு மூலைய வெட்டிச் சாய்ச்சுத்தான் கட்டுவோம். அந்தச் சாய்ப்புக்கு முதக் கல்லு வைக்கது வீட்டுப் பொம்பளதான்.

எடம் வீணாப் போகுதுங்கீரு. போகட்டும்வே! அந்தக் கஸ்பார் என் பாட்டனுக்குப் பாட்டன். அன்னைக்கு முக்க வெட்டலன்னா, இன்னைக்கு உமக்கு வீடு கட்ட இந்தக் கொத்தன் ஏது? போய் உம்ம வீட்டம்மாவக் கூட்டிட்டு வாரும். கல்லு தயாரா இருக்கு.