மருந்து போடாத தட்டு

காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவது என் பழக்கம். ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் வளரும் உயிர்ச்செல்களுக்குத் தீனி மாற்றுவதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை; அவை ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை. அண்ணன் அதை வைத்தே எனக்குப் பெயர் சூட்டினான். வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, "வந்துட்டார்யா செல் ஆயா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. டாக்டர் சொன்னது அண்ணிக்குப் புரியவில்லை, நான்தான் விளக்கினேன். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. அதன் சுவரில் ஓட்டை போடும் புரதமும் உண்டு, அதைத் தடுக்கும் புரதமும் உண்டு. ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது கசிந்து, செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். அண்ணனின் கெட்ட செல்களில் தடுக்கும் புரதம் அளவுக்கு மீறி இருந்தது. அதனால் அவை சாக மறுத்தன. மருந்து அந்தக் காவல் புரதத்தைக் கட்டிப்போடும்.

"அப்ப நீங்களே கையால கொடுத்துடுங்க தம்பி. நான் மறந்து தொலைச்சிடுவேன்" என்றார் அண்ணி.

கொடுத்தேன், ஒரு நாள் தவறாமல். காப்ஸ்யூலைத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டு, பால் சர்க்கரை நிரப்பி மூடினேன். பழகிய கை. எங்கள் தொழிலில் எந்தச் சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாத தட்டு ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால் முடிவை யாரும் நம்பமாட்டார்கள். தேதி போட்டு நோட்டில் குறித்தேன். மூன்றாம் வாரம் கழுத்தில் நெறி கட்டியது. மருந்து போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டினார். நானும் சர்க்கரையைக் கூட்டினேன்.

ஐந்தாம் வாரம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன் கையால சாப்பிட்டாத்தான்டா நம்பிக்கையா இருக்கு. ஆயான்னு கிண்டல் பண்ணதெல்லாம் மனசுல வச்சுக்காத."

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்று தண்ணீரை நீட்டினேன். விழுங்கினான்.

அன்றைக்கே நிஜ மருந்தைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான். அது எனக்குத் தெரியும். ஆனால் பாதியில் விட்ட சோதனை எதற்கும் உதவாது.

பதினோராம் வாரம் போய்ச் சேர்ந்தான். அந்த நோட்டை அண்ணிதான் உங்களிடம் கொடுத்தார் என்கிறீர்கள். சரி. கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்தச் செல்களில் ஒன்றைக்கூட நான் சாகவிடவில்லை. ஆயா என்ன செய்வாளோ, அதைத்தான் செய்தேன்.