நான் கோபமா இல்லன்னு சொல்லிடுங்க

எனக்கு உருப்படியாக வரும் ஒரே வேலை, அடுத்தவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. மற்றபடி ஆணி அடித்தால் சுவர் பெயரும், முட்டை பொரித்தால் சட்டி கருகும். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தவர் பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். "ஆபீஸ்ல அவ்வளவு நல்லா கேக்கறவருக்கு வீட்டுக்கு வந்தா மட்டும் காது எப்படி அடைச்சுக்குது?" என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். அதையும் நான் ஒழுங்காகக் காதில் வாங்கியதில்லை.

விசாரணைக்காக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன், மேடம்.

மாணவர் ஆலோசனை மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நூலகத்துக்குக் கீழே, ஜெராக்ஸ் மெஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஓர் அறை. இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, சாகவும் மாட்டேன் வளரவும் மாட்டேன் என்று நிற்கும் ஒரு தொட்டிச்செடி. பரீட்சை பயம், ஹாஸ்டல் சண்டை, காதல் முறிவு, வீட்டு ஏக்கம் என்று பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் அழுவார்கள், நான் தலையாட்டுவேன். கொஞ்ச நாளில் தேறிவிடுவார்கள். நான் தலையாட்டாமல் இருந்திருந்தாலும் தேறியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆண்டறிக்கைக்குத்தான் தெரியாது.

தேறியதும் மறந்தும்விடுவார்கள். ஒரு வருடம் முழுக்க என் எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவன் ஒருவன், பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியோடு எதிரே வந்தான். நான் கையை நீட்டினேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டான். என் அறைக்கு அடுத்த கதவுதான் அது. வழிகாட்டினேன். என் பதவியின் பெயரே வழிகாட்டுநர் அல்லவா.

அந்தப் பெண் வந்தது அதற்கு அடுத்த மாதம். அவளுக்கு முணுமுணுப்பு என்று எனக்குள் பெயர் வைத்திருந்தேன். முன்னால் சாய்ந்தால்தான் அவள் பேசுவது காதில் விழும். இரண்டு பாடத்தில் தவறியிருந்தாள். அதை அண்ணனிடம் மறைத்திருந்தாள். அப்பா அம்மா இல்லாமல் அவளை வளர்த்தவர் அவர்தான், வேன் ஓட்டுபவர். விஷயம் தெரிந்ததும் போனில் கத்தியிருக்கிறார். இனி எனக்குப் போன் பண்ணாதே என்று சொல்லி வைத்துவிட்டார். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். இவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, வகுப்புக்கும் போகாமல், சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். அறைத்தோழிதான் கையைப் பிடித்து என்னிடம் இழுத்து வந்தாள்.

இரண்டாம் தடவை வந்தபோது முணுமுணுப்பு சொன்னாள்: "உங்ககிட்ட மட்டும்தான் சார் பேச முடியுது."

என் வயதில் ஒரு மனிதனிடம் இப்படிச் சொல்லக் கூடாது. தொழிலில் இதைக் கேட்டால் எச்சரிக்கையாக இரு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று மாலை நான் அதையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். உங்கள் முகம் மாறுகிறது. நீங்கள் நினைப்பது இல்லை. அந்த அளவுக்குக்கூட எனக்குத் துணிச்சல் கிடையாது. அவள் செவ்வாய்க்கிழமைதோறும் வர வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

அதற்காகப் புதிதாக எதையும் செய்யவில்லை. எங்கள் கையேட்டில் உள்ள அறிவுரைகளைத்தான் சொன்னேன். அறைத்தோழியைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்தவர் பாரத்தையெல்லாம் நீயே சுமக்காதே, உன் படிப்பைப் பார் என்றேன். நல்ல பெண், கண்கலங்கி நன்றி சொல்லிவிட்டு வேறு அறைக்கு மாறிப்போனாள். முணுமுணுப்பிடம், மனசு ஆறும்வரை போன் நம்பரை மாற்றிக்கொள், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். இதையெல்லாம் எந்த ஆலோசகர் சொன்னாலும் நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள்.

அண்ணன் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். வேலை நேரத்தில் வந்திருந்தார். வேனை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டதால் உட்காராமல் ஜன்னல் பக்கமே நின்றார். அகலமான தோள். பேசும்போது ஒரு கண் என் மேல், ஒரு கண் வேன் மேல். தங்கை அந்த நேரம் சரியாக எங்கள் தலைக்கு மேலே, நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"பேசக்கூட வேணாம் சார். தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

இப்போது பார்த்தால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும், அவள் இன்னும் தயாராக இல்லை என்றேன். தயாராக இல்லை என்பது எங்கள் தொழிலில் ரொம்ப வசதியான சொல். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"மார்க்கு வரலன்னா போகட்டும் சார். புள்ள சாப்பிட்டுத் தூங்கினா போதும். நான் கோபமா இல்லன்னு சொல்லிடுங்க. அது ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். அண்ணன் ஏதாவது பேசினாரா என்று கேட்டாள். பேசினார், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார் என்றேன். அவள் ரொம்ப நேரம் அழுதாள். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அந்த வேலையை நான் பிரமாதமாகச் செய்வேன்.

அப்புறமும் அவர் போன் செய்துகொண்டுதான் இருந்தார். நாங்கள் இருவரும் ஒருவகையில் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம். அவளுக்குத் தலைவலி வந்தால் கண்ணாடியை மாற்றச் சொல்லுங்கள் என்பார். சின்ன வயதில் வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டுப் பலகைகளையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தே வாசிக்கக் கற்றுக்கொண்டாள் என்பார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அவள் தேறிவிடுவாள். தேறிவிட்டால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பாள்.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி, அவளுடைய அண்ணி, எனக்குப் போன் செய்தார். நான்தானே இடையில் இருந்தேன், வேறு யாரை அவர் கூப்பிட முடியும்?

"கண்ணத் திறந்தா அவளத்தான் கேக்குறாரு. ஒரே ஒரு தடவ வரச் சொல்லுங்க. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்."

அவளுக்கு மறுதேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. படிப்பு கெட வேண்டாம், முடிந்ததும் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது பொய் என்று அப்போதே தெரியும். எனக்கு நான் சொல்லும் பொய்களில்கூட எனக்குத் திறமை போதாது. தேர்வுக்கு அவகாசம் இருந்தது, ஆஸ்பத்திரியும் பஸ் தூரம்தான். போனால் அண்ணனும் தங்கையும் பேசிவிடுவார்கள், நான் சொன்னதெல்லாம் வெளியே வந்துவிடும், செவ்வாய்க்கிழமை நாற்காலி காலியாகிவிடும். அண்ணி மறுபடி கூப்பிட்டபோது, சொல்லிப் பார்த்தேன், வர மாட்டேன் என்கிறாள் என்றேன். "சரி சார், அவர்கிட்ட நான் வேற ஏதாவது சொல்லிக்கறேன்" என்றார்.

இரண்டு நாளில் அவர் போய்விட்டார். அண்ணி போனில் சொன்ன அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை; அடக்கத்துக்கும் தங்கை வரவில்லை. வர மனமில்லாதவளுக்கு இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று அண்ணி எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். அன்று இரவு சாப்பாட்டின்போது, ஒரு மாணவியின் அண்ணன் இறந்துவிட்டார் என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஐயோ பாவம். அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். அது உண்மை. அவளுக்குத்தான் தெரியாதே.

நீங்கள் எதைக் கொடுமை என்கிறீர்களோ, அது இதற்கப்புறம் நடந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் நான் செய்ததில் நல்ல பகுதி. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்து வழக்கம்போல, அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். நான் சொன்னேன்: மார்க்கு வராவிட்டால் போகட்டும், நீ சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்றார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த வாரம் கண்ணாடியைக் கொடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் ரோட்டுப் பலகைகளை. வாய்விட்டுச் சிரித்தாள். முதல் தடவையாக, முன்னால் சாயாமலே அவள் குரல் எனக்குக் கேட்டது. கடைசியாக, அவர் கோபமாக இல்லை என்பதையும் கொடுத்துவிட்டேன்.

கவனித்துப் பாருங்கள், அவர் இறந்த பிறகு அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவர் சொன்னதுதான். சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லை என்பது மட்டும்தான் குறை.

அவள் மறுதேர்வில் பாஸ் செய்தாள். ரிசல்ட் வந்த அன்று ஒரு துணிக்கடைப் பையோடு என் அறைக்கு வந்தாள். அண்ணனுக்கு நேரில் போய்ச் சொல்லப் போவதாகவும், நான் முந்திக்கொண்டு போனில் உளறிவிடக் கூடாது என்றும் சொன்னாள். பையிலிருந்து ஒரு வெளிர்நீலச் சட்டையை எடுத்து என் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"நீங்க அண்ணன நேர்ல பாத்திருக்கீங்கல்ல சார். இது சரியா இருக்குமா?"

சட்டையை வாங்கிப் பார்த்தேன். நல்ல பருத்தித் துணி. சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"தோள்பட்டை கொஞ்சம் பிடிக்கும்," என்றேன். "ஒரு சைஸ் பெருசா மாத்திக்கோ."

மாற்றிக்கொண்டுதான் போனாள் என்று பிறகு அண்ணி சொல்லித் தெரிந்தது. அவர் கதவைத் திறந்ததும், அண்ணன் எங்கே என்று கேட்டாளாம்.

ஆக, ஆமாம். அவர் கூப்பிட்டதை நான் சொல்லவில்லை. அவள் வர மறுத்தாள் என்று பொய் சொன்னேன். கடைசிவரை தங்கையைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். நடந்ததற்கு யாரும் கூட்டு இல்லை, மையத்தின் மேலும் குற்றமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். அவள் அங்கேயே அண்ணியோடு இருக்கிறாள், யாரிடமும் வாயே திறப்பதில்லை என்றீர்கள். வேறொரு ஆலோசகரை அனுப்பப் போவதாகவும் சொன்னீர்கள். வேண்டாம், மேடம். புது ஆளிடம் எல்லாவற்றையும் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பிள்ளை தாங்காது. என்னை அனுப்புங்கள். என்ன நடந்தது என்று என்னிடம் அவள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.