நாப்பத்தஞ்சு என்ன?

— அறுபதுன்னா, அறுபது என்னடா?

— என்னக்கா புதுசா கேக்குற? கப்பல்காரன் ரேடியோல சொன்னான், எழுதி உங்க வானிலை ஆபீசுக்கு அனுப்பிட்டேன். காத்து வேகம் அறுபது.

— இரு, இரு. அறுபது கிலோமீட்டரா?

— கடல்ல எவன்க்கா கிலோமீட்டர்ல பேசுவான்? அறுபது நாட்.

— அப்ப ஆறு மணிக்கு அனுப்பினியே நாப்பத்தஞ்சு, அது?

— அதுவும் நாட்தான். துறைமுகத்துல சேந்த நாள்லேந்து வெறும் நம்பரைத்தான் எழுதுறேன். சத்தியமாக்கா, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

— போன வாரம் ஃபாரத்தை மாத்திட்டாங்கடா! புதுசுல எல்லாக் கட்டமும் கிலோமீட்டர். மேகப் படம் தெளிவா இல்லைன்னு, உன் நாப்பத்தஞ்சை நம்பி, ‘தாழ்வு மண்டலம்’னு அறிக்கை போட்டேன்.

— விடுக்கா. அஞ்சு பத்து கூடக் குறைய இருக்கும்.

— அஞ்சு பத்தா? ஒரு நாட்னா கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர்டா! நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்னா வெறும் தாழ்வு மண்டலம். நாப்பத்தஞ்சு நாட்னா எண்பத்தி மூணு. ரெண்டு படி தாண்டி, புயல்! இப்ப அறுபதுங்கிற. அது நூத்திப் பதினொண்ணு. தீவிரப் புயல்டா!

— அக்கா…

— என்ன?

— தாழ்வு மண்டலம்னா சின்னப் படகுக்குத்தானே தடை? பெரிய படகையெல்லாம் விட்டுட்டேன். பதினாலு.

— அடப்பாவி! கூப்பிடு. எல்லாரையும் திரும்பி வரச் சொல்லு!

— போனை வச்சிடாத. இரு.

— கடவுளே, கடவுளே… என்னடா ஆச்சு? சொல்லித் தொலையேன்!

— பதிமூணு படகு திரும்பிடுச்சுக்கா. கரைக்குப் பக்கத்துலதான் இருக்காங்க, வந்துருவாங்க. ஒண்ணுலேந்து மட்டும் சத்தமே இல்ல. எட்டு தடவ கூப்பிட்டுட்டேன்.

— எந்த வீட்டுப் பிள்ளைங்களோ! அவங்க முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்? உன் மாமாவாவது வீட்டுல இருக்காரேன்னு நினைச்சுக்கிறேன். ‘வானமே சரியில்ல, நான் இன்னைக்குப் போகல’ன்னு விடியக்காலைல திரும்பிப் படுத்துட்டாரு. அந்த ஒண்ணு யாரோட படகுடா?

— இரு, இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாக்குறேன்க்கா.

— முதல்ல யாருன்னு சொல்லுடா!

— மாமா கடைசியாத்தான் துறைமுகத்துக்கு வந்தாருக்கா. பலகையில ஒட்டியிருந்த அறிக்கைல உன் கையெழுத்தைப் பாத்தாரு. ‘வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன், இது என் பொண்டாட்டி எழுதினது’ன்னு சிரிச்சுக்கிட்டே கயித்தை அவுத்துட்டாரு.